ரிக் பாரியின் வாயும் கையும்

1978-79 சீசனில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்காக ரிக் பாரி 169 ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால், யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் எறி) எறிந்தார். 160 கூடைக்குள் விழுந்தன. ஒரு முழு சீசனில் தவறியவை 9 மட்டும். அத்தனையும் இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்து, தொடைகளுக்கு நடுவே தாழ்த்தி, கீழிருந்து மேலாக வீசியவை. அமெரிக்காவில் இதைப் 'பாட்டி ஷாட்' என்று கேலி செய்வார்கள். என்பிஏவில் விளையாடிய 10 சீசன்களில் 6 முறை ஃப்ரீ த்ரோ சதவீதத்தில் முதலிடம் அவருக்குத்தான். 1980இல் ஓய்வு பெற்றபோது அவருடைய என்பிஏ கணக்கு ஏறத்தாழ 90 சதவீதம். அன்றைக்கு அதைவிட மேலான கணக்கு யாரிடமும் இல்லை.

இப்படி ஒருவர் செய்து காட்டினால் அடுத்த தலைமுறையில் பத்துப் பேராவது பின்பற்றியிருக்க வேண்டும். நடக்கவில்லை. கேலிக்குப் பயந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் பாரியின் வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சரக்கு நல்ல சரக்கு. விற்க வந்தவரைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

அவர் 1944 மார்ச் 28 அன்று நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் பிறந்தார். அப்பா கூடைப்பந்துப் பயிற்சியாளர். மகன் பள்ளியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே கீழ்க்கை எறியைக் கற்றுக்கொள் என்று அப்பா விடாமல் நச்சரித்தார். அது பெண்பிள்ளைகள் எறியும் விதம், எல்லோரும் சிரிப்பார்கள் என்று மகன் மறுத்தார். பந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால் எவன் சிரிப்பான் என்பது அப்பாவின் பதில். எதிரணி ஊரில் ஒருவன் கேலியாகக் கத்தியபோது, பக்கத்திலிருந்தவன் 'அவன்தான் தவறவே விடுவதில்லையே, எதற்குக் கத்துகிறாய்' என்று அடக்கியதைக் கேட்ட பிறகே தனக்கு முழு நம்பிக்கை வந்தது என்று பாரி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மயாமி பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஹேல் அவருடைய கோச். 1964-65இல் ஆட்டத்துக்குச் சராசரி 37.4 புள்ளி எடுத்து, நாட்டிலுள்ள எல்லாக் கல்லூரி வீரர்களிலும் முதலிடம் பிடித்தார். கோச்சின் மகளையே மணந்தார். இந்த உறவு சீக்கிரத்திலேயே வழக்காக மாறப் போகிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணியில் 1965இல் சேர்ந்து, முதல் ஆண்டே சிறந்த புதுமுகம் ஆனார். இரண்டாம் ஆண்டு சராசரி 35.6 புள்ளி, லீக்கில் முதலிடம். 1967 இறுதிச் சுற்றில் வில்ட் சேம்பர்லின் ஆடிய ஃபிலடெல்ஃபியாவிடம் வாரியர்ஸ் 4-2 என்று தோற்றது. கணுக்கால் சுளுக்கோடு ஆடிய பாரி அந்த ஆறு ஆட்டங்களில் சராசரி 40.8 புள்ளி எடுத்தார், மூன்றாம் ஆட்டத்தில் மட்டும் 55.

23 வயதில் அப்படி ஒரு உச்சியில் நின்றவர், அந்தக் கோடையிலேயே அணியை விட்டுக் கிளம்பினார். புதிதாகத் தொடங்கிய ஏபிஏ என்ற போட்டி லீக்கில் ஓக்லண்ட் ஓக்ஸ் அணி. பாடகர் பாட் பூன் அதன் உரிமையாளர்களில் ஒருவர், கோச் மாமனார் புரூஸ் ஹேல். மூன்றாண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 5 லட்சம் டாலர் பெறும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். காசுக்காகக் கட்சி மாறியவர் என்று பத்திரிகைகள் வைதன.

இங்கே அன்றைய ஒப்பந்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும், இன்னும் ஒரு வருடம் அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு என்று ஒரு விதி இருந்தது. அணிகள் அதை வருடாவருடம் நீட்டித்து, கிட்டத்தட்ட ஆயுள் விலங்காகவே பயன்படுத்தின. பாரி அதை உடைக்கப் பார்த்தார். அந்த ஒரு வருடம் வாரியர்ஸுக்குத்தான் சொந்தம், வேறு எங்கும் ஆடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. 1967-68 முழுவதும் ஆடாமலே உட்கார்ந்தார்.

தடை முடிந்து 1968-69இல் ஓக்ஸுக்கு வந்து சராசரி 34 புள்ளி எடுத்தார். ஏபிஏவிலும் முதலிடம். கல்லூரி, என்பிஏ, ஏபிஏ மூன்றிலும் அதிகச் சராசரி எடுத்தவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஆனால் 35 ஆட்டங்களில் முட்டி போய்விட்டது. ஓக்ஸ் கோப்பையை வென்றபோது அவர் களத்தில் இல்லை. வென்ற கையோடு அணியை விற்று வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாரிக்கு அங்கே போக இஷ்டமில்லை. 1969இல் வாரியர்ஸுடனேயே ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் மறுபடியும் குறுக்கே வந்தது: ஏபிஏ ஒப்பந்தம் முடியும்வரை அங்கேதான் ஆட வேண்டும்.

வாஷிங்டன் அணி அடுத்த வருடம் வர்ஜீனியாவுக்குப் பெயர்ந்தது. பாரி வாயைத் திறந்தார். 1970 ஆகஸ்டில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அவரை அட்டையில் போட்டது. தன் பிள்ளைகள் தென்மாநிலத்து இழுவைப் பேச்சோடு வீட்டுக்கு வருவதைத் தான் விரும்பவில்லை என்ற பொருளில் உள்ளே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார். ஒரு மாநிலம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் பகைத்துக்கொள்வது எளிதல்ல. அடுத்த மாதமே அவரை நியூயார்க் நெட்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். நியூயார்க்கில் நன்றாக ஒட்டிக்கொண்டார், 1972இல் அணியை ஏபிஏ இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனார். இனி இங்கேயே இருக்கலாம் என்று நினைத்த நேரத்தில், 1969இல் வாரியர்ஸுக்குப் போட்ட கையெழுத்தை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. திரும்பிப் போனார்.

ஐந்து ஆண்டில் மூன்று நீதிமன்ற உத்தரவுகள், மூன்றும் அவருக்கு எதிராக. ஆனால் லீக் மாறினால் சம்பளம் ஏறும் என்று வீரர்களுக்கு முதலில் காட்டிய பெரிய நட்சத்திரம் அவர்தான். ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் வீரர் சங்கம் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்து அந்த விலங்கு தளர்ந்தபோது, பாரிக்கு நன்றி சொன்னவர்கள் அதிகமில்லை.

1974-75 அவருடைய ஆண்டு. சராசரி 30.6 புள்ளி, 6.2 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போட உதவும் பாஸ்), ஃப்ரீ த்ரோ 90.4 சதவீதம், பந்தைப் பறிப்பதில் லீக்கிலேயே முதலிடம். ஃபார்வர்டாக (முன்கள வீரராக) நின்றபடியே ஆட்டத்தை நடத்தினார். இப்போது லெப்ரான் ஜேம்ஸ் ஆடும் பாணியின் முன்னோட்டம் என்று சொல்லலாம். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள் அல்ல, சக வீரர்கள். இந்த ஒரு தகவலே போதும், சக வீரர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்ல. பாஸ் தவறவிட்ட கூட்டாளியை முறைப்பார், கையை விரித்துக் காட்டுவார், நடுவரிடம் முகத்தைச் சுளிப்பார். பத்தாயிரம் பேர் பார்க்க ஒருவரை அவமானப்படுத்துகிறோம் என்ற உணர்வே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இவரை ஐநாவுக்கு அனுப்பினால் மூன்றாம் உலகப் போர் வந்துவிடும் என்று ஹூஸ்டனில் அவரோடு ஆடிய மைக் டன்லீவி சொன்னது பிரபலம்.

இறுதிச் சுற்றில் வாரியர்ஸ் ஜெயிக்கும் என்று எவரும் நினைக்கவில்லை. எதிரணி வாஷிங்டன் புல்லட்ஸ் 60 ஆட்டம் வென்றது, வாரியர்ஸ் 48. வாரியர்ஸின் சொந்த அரங்கைப் பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தார்கள், அதனால் டேலி சிட்டியில் உள்ள கவ் பேலஸில் ஆட வேண்டியதாயிற்று. கோச் அல் ஆட்டில்ஸ் பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கினார். புதுமுகம் கீத் வில்க்ஸும், நடுவில் கிளிஃபர்ட் ரேயும் புல்லட்ஸின் பெரிய ஆட்களைத் தடுத்தார்கள். நான்காம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மைக் ரியோர்டன் பாரியை முரட்டுத்தனமாகப் பிடித்துத் தள்ளினார், பாரியைச் சண்டைக்கு இழுத்து வெளியேற வைப்பதுதான் திட்டம் என்று பரவலாக நம்பப்பட்டது. ஆட்டில்ஸ் பாய்ந்து வந்து ரியோர்டனைப் பிடித்ததால் வெளியேற்றப்பட்டவர் கோச். பாரி களத்திலேயே இருந்தார். 96-95 என்று ஜெயித்து, 4-0 என்று கோப்பையை எடுத்தார்கள். இரண்டு ஆட்டங்களில் வித்தியாசம் ஒரே புள்ளி. பாரி சராசரி 29.5, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர்.

ஒரு புள்ளியில் முடியும் ஆட்டங்களில் ஃப்ரீ த்ரோவுக்கு என்ன விலை என்று சொல்லத் தேவையில்லை. இனி அந்த எறிக்கு வருவோம்.

கோட்டிலிருந்து, வளையத்துக்குப் பின்னாலுள்ள பலகையான பேக்போர்டுக்கு 15 அடி. வளையத்தின் நடுப்புள்ளிக்கு ஏறத்தாழ 4.2 மீட்டர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில், உள்விட்டம் 45.7 செ.மீ. பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. பந்து 45 டிகிரியில் சரிந்து வந்தால், அதன் கண்ணுக்கு வளையம் 32 செ.மீ. அகலமாகத் திறந்திருக்கும், 8 செ.மீ. இடைவெளி கிடைக்கும். 32 டிகிரிக்குக் கீழே வந்தால் இடைவெளி பூஜ்யம், வளையத்தில் படாமல் உள்ளே போகவே முடியாது.

கீழ்க்கை எறியில் பந்து தானாகவே உயரமாகப் போகும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. தலைக்கு மேலிருந்து எறியும் வழக்கமான மேல்கையில் பந்து கையை விடும் உயரம் ஏறத்தாழ 2.2 மீட்டர். கீழ்க்கையில் 1.25 மீட்டர்தான். ஏற வேண்டிய தூரம் இரண்டு மடங்கு. 45 டிகிரியில் வளையத்துக்குள் இறங்க வேண்டுமானால் மேல்கைக்கு 55 டிகிரியில் எறிந்தால் போதும், கீழ்க்கைக்கு 62 டிகிரி வேண்டும். வேகமும் கூட வேண்டும்: விநாடிக்கு 7 மீட்டருக்குப் பதில் ஏறத்தாழ 7.9. ஆக, புதிதாக முயல்பவர்கள் தட்டையாக எறிந்து வளையத்தின் முன்விளிம்பில் அடித்துவிட்டு, இது வேலைக்காகாது என்று விட்டுவிடுவதில் வியப்பில்லை.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே 45 டிகிரியில் இறங்கும்போது, கீழிருந்து வந்த பந்து வளையத்தை அடையும் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. செங்குத்தாக ஏறிய பந்துக்கு முன்னோக்கிய வேகம் குறைவாக இருப்பதுதான் காரணம். இதோடு, இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து சுண்டுவதால் நல்ல பின்சுழற்சி கிடைக்கிறது. விளிம்பில் பட்டாலும் சுழற்சி முன்வேகத்தைத் தின்றுவிடும், பந்து எகிறாமல் வளையத்தின் மேலேயே தத்தி உள்ளே விழும். பாரியின் பழைய காட்சிகளில் விளிம்பில் பட்டு உள்ளே போனவை எத்தனை என்று கவனித்தால் புரியும்.

அதைவிடப் பெரிய லாபம் உடலில். மேல்கை எறியில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒரே கையின் மூட்டுகள் வரிசையாக வேலை செய்ய வேண்டும், மறுகை இடைஞ்சல் செய்யாமல் விலக வேண்டும். முழங்கை கொஞ்சம் வெளியே போனாலும் பந்து பக்கவாட்டில் போய்விடும். கீழ்க்கையில் இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்கின்றன. முழங்கை ஏறத்தாழ நேராகவே இருக்கும். அசைவது தோளும் மணிக்கட்டும்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எவன் தெருவில் நடக்கிறான், தொங்கவிட்டுக்கொண்டுதானே நடக்கிறோம் என்று பாரி கேட்பார்.

செய்முறை இதுதான். பாதங்கள் தோளகலத்தில், இரண்டும் கோட்டுக்குச் சமதூரத்தில். பந்தின் இரு பக்கங்களிலும் உள்ளங்கை, கட்டைவிரல்கள் இரண்டும் பந்தின் மேல்புறத்தில், விரல்நுனி தையல் கோட்டில் படும்படி. தோளைத் தளர விட்டு, கைகளை நேராகத் தொங்கவிட வேண்டும். முட்டியை லேசாக மடக்கும்போது பந்து தொடைகளுக்கு நடுவே இறங்கும். முட்டி நிமிரும் அதே நேரத்தில் கைகள் முன்னோக்கி எழ வேண்டும். இடுப்புக்குச் சற்று மேலே, கைகள் முன்னே நீண்டு நிற்கும்போது மணிக்கட்டு இரண்டும் ஒன்றாக மேலே சுண்டும். எறிந்த பிறகு கைகள் தொடர்ந்து கண் மட்டத்துக்கு மேல் ஏறி நிற்க வேண்டும். பார்வை வளையத்தில். தொடங்குமுன் ஒரு மூச்சு. என்பிஏவில் 10 விநாடி உண்டு. நம் ஊரில் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் 5 விநாடிதான், அதற்குள் முடியும் அளவுக்கு முன்தயாரிப்பைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இப்படி எறிவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

பிழைகளைப் பந்தே சொல்லிக் கொடுக்கும். எப்போதும் ஒரே பக்கம் விலகினால் ஒரு கை மற்றதைவிட முந்துகிறது. அநேகமாக வலக்கைக்காரருக்கு வலக்கை. பந்து சுழலாமல் போனால் மணிக்கட்டு வேலை செய்யவில்லை, தோளால் மட்டும் தூக்குகிறார். பக்கவாட்டில் சுழன்றால் கட்டைவிரல்கள் சமமாக இல்லை. தட்டையாகப் போய் முன்விளிம்பில் அடித்தால் சீக்கிரம் விட்டுவிட்டார். செங்குத்தாக ஏறிக் குறைவாக விழுந்தால் தாமதம். மிக ஆழமாகக் குனிந்தால் பந்து டிரவுசரில் உரசும், அந்த எறி அங்கேயே கெட்டது. நான்காம் கால்பகுதியில் முட்டி களைத்துப் போனவர் கைவீச்சைக் கூட்டி ஈடுகட்டப் பார்ப்பார். அப்போது தூரம் தாறுமாறாகும். பயிற்சியை ஓடிக் களைத்த பிறகு வைப்பதுதான் உபயோகம்.

ஏற்கெனவே 85 சதவீதம் எறிபவர் இதற்கு மாறத் தேவையில்லை. ஸ்டீவ் நாஷும் ஸ்டெஃபன் கரியும் மேல்கையிலேயே 90ஐத் தாண்டியவர்கள். கீழ்க்கை எறி யாருக்கு என்றால், கை பெரிதாகி, பந்து உள்ளங்கையில் ஆரஞ்சு அளவுக்குச் சிறுத்துப்போய், விரலுக்கு உணர்வு இல்லாமல் 50 சதவீதத்தில் திணறும் பெரிய ஆட்களுக்கு. அவர்களைத்தான் கடைசி நிமிடங்களில் வேண்டுமென்றே ஃபவுல் செய்வார்கள். இரண்டு எறியில் 50 சதவீதம் என்றால் அணிக்குச் சராசரி ஒரு புள்ளி. 75 ஆனால் ஒன்றரை. ஒன்றரைப் புள்ளி கொடுத்து எவனும் ஃபவுல் செய்ய மாட்டான், அந்தத் தந்திரமே செத்துவிடும். இது எந்தக் கோச்சுக்கும் தெரியாத கணக்கல்ல.

வில்ட் சேம்பர்லின் 1961-62இல் கீழ்க்கையில் எறிந்தார். அந்த ஆண்டு 61.3 சதவீதம், அவருடைய வாழ்நாளில் அதுதான் உச்சம். 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷியில் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் 32க்கு 28. பிறகு நிறுத்திவிட்டார். 1967-68இல் 38 சதவீதத்துக்குச் சரிந்தார். கீழ்க்கையில் எறிவது ஆண்மைக் குறைவாகத் தோன்றியது, அது முட்டாள்தனம் என்று தெரிந்தும் விட்டுவிட்டேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். வாழ்நாள் கணக்கு 52.7 சதவீதமான ஷகீல் ஓநீலோ, அப்படி எறிவதைவிடப் பூஜ்யம் எடுப்பேன் என்று பாரியிடமே சொல்லிவிட்டார். பாரிக்கு இது புரிவதே இல்லை. இத்தனை சம்பளம் வாங்குபவன் தன் வேலையில் ஒரு பகுதியைச் சரியாகச் செய்ய மறுப்பதா என்று ஒவ்வொரு பேட்டியிலும் பொரிந்து தள்ளுவார். நியாயம்தான். ஆனால் கேலிக்குப் பயப்படும் ஒருவனிடம், பயப்படுகிறாயே வெட்கமில்லையா என்று கேட்டால் அவன் பந்தை இன்னும் தலைக்கு மேலேதான் தூக்குவான்.

அந்தக் குணம் ஆட்டத்திலும் அவரைத் துரத்தியது. 1976இல் வாரியர்ஸ் 59 ஆட்டம் வென்று மேற்குப் பிரிவின் இறுதிக்கு வந்தது. ஃபீனிக்ஸுக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தில் ரிக்கி சோபர்ஸ் பாரியின்மேல் பாய்ந்து அடித்தார். கூட்டாளிகள் உதவிக்கு ஓடி வரவில்லை. இரண்டாம் பாதியில் வெகுநேரம் பாரி கூடையை நோக்கி எறியவே இல்லை. சொந்த ஊரில் 94-86 என்று தோற்றார்கள். கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டார் என்று கூட்டாளிகளே பேசினார்கள். பாரி இன்றுவரை மறுக்கிறார். வேறொருவர் செய்திருந்தால் மோசமான ஒரு நாள் என்று விட்டிருப்பார்கள். அவர் விஷயத்தில் சந்தேகத்தின் பலனைத் தர யாரும் தயாராக இல்லை.

1978இல் ஹூஸ்டனுக்குப் போனார். அவருடைய 24ஆம் எண் அங்கே மோசஸ் மலோனிடம் இருந்தது. உள்ளூரில் 2, வெளியூரில் 4 என்று இரண்டு எண்களைப் போட்டு ஆடினார். கடைசி சீசனில்தான் என்பிஏவுக்கு, வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு வந்தது. 1980 பிப்ரவரியில் யூட்டாவுக்கு எதிராக எட்டு முறை அங்கிருந்து எறிந்து போட்டு அன்றைய சாதனையை வைத்தார்.

டிவி வர்ணனையில் அவருக்குப் பெரிய எதிர்காலம் இருந்தது. ஆட்டத்தை ஓர் அடி முன்னால் படிப்பவர், பூசி மெழுகாதவர். 1981 இறுதிச் சுற்று ஒளிபரப்பில், உடன் வர்ணனை செய்த பில் ரஸ்ஸலின் பழைய ஒலிம்பிக் படத்தைத் திரையில் காட்டினார்கள். அந்தச் சிரிப்பைத் தர்பூசணியோடு சேர்த்துக் கிண்டல் செய்தார் பாரி. கறுப்பின மக்களை இழிவுபடுத்த அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய வசை அது. ரஸ்ஸல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், சிரிக்கவில்லை. தெரியாமல் சொன்னேன் என்று பாரி மன்னிப்புக் கேட்டார். ஒளிபரப்பிய சிபிஎஸ் டிவி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மனதில் பட்டதைச் சொல்வேன் என்பவர், எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்காமல் சொன்னால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட அப்பட்டமான சாட்சி அவர் வாழ்க்கையில் இல்லை. இதை நேர்மை என்ற கணக்கில் சேர்க்க முடியாது.

1987இல் கூடைப்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். பல ஆண்டுகள் கோச் வேலை தேடினார். என்பிஏவில் எந்த அணியும் கூப்பிடவில்லை, சிறு லீக்குகளில்தான் கிடைத்தது.

மகன்கள் ஐவரும் கல்லூரி அளவிலாவது ஆடியவர்கள். மூத்த நால்வரும் மேல்கையில்தான் எறிந்தார்கள், அப்பா சொல்லியும். அவர்களில் பிரெண்ட், 1996 டங்க் (தாவிப் பந்தைக் கூடைக்குள் திணிக்கும்) போட்டியில் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து தாவிப் பறந்து பரிசை வென்றார். கடைசி மகன் கேன்யன் மட்டும் கீழ்க்கையைப் பிடித்துக்கொண்டார். 2017இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காகத் தொடர்ச்சியாக 42 ஃப்ரீ த்ரோ போட்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனையை முறியடித்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மூவர் கூடைப்பந்து அணியிலும் இருந்தார்.

குடும்பத்துக்கு வெளியே இந்த எறியை என்பிஏவுக்குக் கொண்டுவந்தவர் சினானு ஒனுவாகு. லூயிவில் பல்கலைக்கழகத்தில் மேல்கையில் 46.7 சதவீதம் எறிந்தவர், கோச் சொல்லி மாற்றிக்கொண்டு அடுத்த ஆண்டு 58.9க்கு வந்தார். 2016 டிசம்பர் 26 அன்று, பாரி கடைசியாக ஆடிய அதே ஹூஸ்டன் அணிக்காக இரண்டு எறிந்து இரண்டையும் போட்டார். ஆனால் அவருக்கு என்பிஏவில் கிடைத்தது விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே, அதற்குக் காரணம் ஃப்ரீ த்ரோ அல்ல.